லா சப்பல்: வந்து போவோரால் வாழும் தமிழ்க் கடைவீதி

பிரான்ஸின் தலைநகர் பாரிஸின் வடபகுதியில், கார் து நோர் ரயில் நிலையத்துக்கும் லா சப்பல் மெட்ரோ நிலையத்துக்கும் இடையே உள்ள சில தெருக்கள், கடந்த சுமார் 40 ஆண்டுகளில் ஐரோப்பியத் தமிழர்களின் முக்கிய வணிக மையங்களில் ஒன்றாக உருவெடுத்துள்ளன. பிரெஞ்சு ஊடகங்கள் இதனை "குட்டி யாழ்ப்பாணம்" என்று அழைப்பதுண்டு. பிரான்ஸ் வாழ் தமிழர்களுக்கோ இது வெறுமனே "லா சப்பல்".

எனினும், இங்கு பொருள் வாங்க வரும் தமிழர்களில் பெரும்பாலானோர் இத்தெருக்களில் வசிப்பவர்கள் அல்லர். மத்தியதரைக் கடலோரத்துச் சுற்றுலா நகரம் ஒன்று பருவந்தோறும் வரும் பயணிகளை நம்பியிருப்பது போல, லா சப்பல் வார இறுதிகளில் ரயிலேறி வருவோரை நம்பியிருக்கிறது. அந்த வருகை எவ்வாறு தொடங்கியது, எதனால் நீடித்தது, இனியும் நீடிக்குமா என்ற கேள்விகளின் ஊடாகவே இப்பகுதியின் வரலாற்றை விளங்கிக்கொள்ள முடியும்.

இரு குன்றுகளுக்கு இடையே ஒரு வழி

பாரிஸின் வடக்கே மோன்மார்த்ர், பெல்வில் ஆகிய இரு குன்றுகளுக்கு இடைப்பட்ட தாழ்வான கணவாயில் லா சப்பல் அமைந்துள்ளது. ரோமானியர் காலம் தொட்டே, சென் நதிக்கரையிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் பெருவழி இக்கணவாயைக் கடந்தே சென்றது. சிற்றாலயம் என்ற பொருள் தரும் "சப்பல்" என்ற சொல்லே ஊரின் பெயராயிற்று. இங்குள்ள சான் தெனி தேவாலயத்தில், 1429ஆம் ஆண்டு பாரிஸ் மீதான தாக்குதலுக்கு முன்னர், ஜோன் ஆஃப் ஆர்க் பிரார்த்தனை செய்ததாக வரலாறு கூறுகிறது.

வட கடற்கரையிலிருந்து மீன் ஏற்றி வந்தவர்கள் பயன்படுத்திய பாதை, "மீன் வணிகர் வீதி" என்ற பெயருடன் அருகிலேயே இன்றும் உள்ளது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாரிஸைச் சுற்றிச் சுங்கச் சுவர் எழுப்பப்பட்டபோது, லா சப்பல் அச்சுவருக்கு வெளியே இருந்தது. நகருக்குள் விதிக்கப்பட்ட வரி இங்கு இல்லாததால் மதுவின் விலை குறைவாக இருந்தது; அதை நாடிப் பாரிஸ்வாசிகள் இத்தகைய புறச்சேரிகளுக்கு வந்தனர். வெளியூரார் வந்து செலவு செய்யும் இடமாக இருப்பது இப்பகுதிக்குப் புதியதன்று.

1860ஆம் ஆண்டு இவ்வூர் பாரிஸ் நகருடன் இணைக்கப்பட்டது. சுங்கச் சுவர் நின்ற இடத்தில் இன்று செல்லும் லா சப்பல் பெருந்தெரு, பாரிஸின் 10ஆம், 18ஆம் வட்டாரங்களைப் பிரிக்கும் எல்லையாகும். தமிழ்க் கடைகள் செறிந்துள்ள ஃபோபூர் சான் தெனி வீதியின் மேற்பகுதி, காய் வீதி, பெர்தொனே வீதி ஆகியவை எல்லைக்குத் தெற்கே 10ஆம் வட்டாரத்தில் உள்ளன. ஆக, தமிழர்கள் லா சப்பல் என்று அழைக்கும் தெருக்களில் பல, நிர்வாக ரீதியில் லா சப்பலைச் சேர்ந்தவை அல்ல. மெட்ரோ நிலையத்தின் பெயரே பகுதியின் பெயராகிவிட்டது.

ரயில் தந்த வாழ்வு

1846இல் திறக்கப்பட்ட கார் து நோர் நிலையமும் 1849இல் திறக்கப்பட்ட கார் து லெஸ்ட் நிலையமும் இப்பகுதியை இருபுறமும் தண்டவாளங்களால் சூழ்ந்தன. 1903இல் இங்கு வந்த மெட்ரோ 2ஆம் வழித்தடம், அத்தண்டவாளங்களைக் கடக்க வேண்டியிருந்ததால் நிலத்துக்கு மேலே பாலத்தின் மீது அமைக்கப்பட்டது. சத்தமும் புகையும் நிறைந்த இப்பகுதியில் தொழிலாளர் குடும்பங்களே பெருமளவில் குடியேறின.

நாளொன்றுக்குச் சுமார் 7 லட்சம் பேர் பயன்படுத்தும் கார் து நோர், ஐரோப்பாவின் மிகவும் நெரிசலான ரயில் நிலையமாகக் கருதப்படுகிறது. தமிழ்க் குடும்பங்கள் கணிசமாக வாழும் லா கூர்நெவ், சார்செல் போன்ற புறநகர்களிலிருந்து நேரடி ரயில்கள் இங்கு வருகின்றன. பொபினியிலிருந்து மெட்ரோ வருகிறது. சார்ல் து கோல் விமான நிலையமும் இதே தடத்தில் உள்ளது. 1994 நவம்பரில் தொடங்கிய யூரோஸ்டார் சேவை லண்டனையும் இதனுடன் இணைத்தது. திருமணத்துக்கு நகையும் புடவையும் வாங்க வரும் குடும்பம், பிரான்ஸின் வேறு நகரிலிருந்து வந்தாலும் அயல்நாட்டிலிருந்து வந்தாலும், நிலையத்திலிருந்து நடந்தே கடைக்குச் சென்றுவிட முடிகிறது.

அகதிகளின் வருகை

பிரான்ஸில் தமிழர் வரலாறு இலங்கைத் தமிழர்களுடன் தொடங்கவில்லை. பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரி, காரைக்கால் ஆகியவை 1954இல் நடைமுறையிலும் 1962இல் சட்டப்படியும் இந்தியாவுடன் இணைந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையைத் தெரிவு செய்தவர்களில் ஒரு பகுதியினர் பிரான்ஸில் குடியேறினர். லா சப்பலுக்குத் தெற்கேயுள்ள பிராடி கூரைத்தெருவில் இந்திய உணவகங்களும் மளிகைக் கடைகளும் 1970களிலிருந்து தோன்றின.

இலங்கைத் தமிழர்கள் 1970களின் பிற்பகுதியிலிருந்து சிறு எண்ணிக்கையிலும், 1983 ஜூலை வன்செயல்களுக்குப் பின்னர் பெருமளவிலும் வரத் தொடங்கினர். அவர்களில் பலரது இலக்கு பிரிட்டனாக இருந்தது. ஆனால் 1985இல் இலங்கையர்களுக்கு பிரிட்டன் விசா கட்டுப்பாட்டை விதித்ததை அடுத்து, இடைவழியாக இருந்த பிரான்ஸ் பலருக்கு வாழிடமாகியது. உணவகச் சமையலறைகளிலும் துப்புரவுப் பணிகளிலும் உழைத்தவர்களில் சிலர், சேமிப்பையும் சீட்டுப் பணத்தையும் முதலாகக் கொண்டு கடைகளைத் திறந்தனர்.

பழைய வணிகங்கள் நலிந்துகொண்டிருந்த இத்தெருக்களில் அப்போது கடைகள் ஓரளவு மலிவாகக் கிடைத்தன. பிரெஞ்சுச் சட்டப்படி வணிக வாடகை ஒப்பந்தம் குறைந்தது 9 ஆண்டுகளுக்குச் செய்யப்படுவதும், அதனைப் புதுப்பிக்கக் கடைக்காரருக்கு உரிமை இருப்பதும், ஒருமுறை இடம் பிடித்தவர்கள் நிலைத்து நிற்க உதவின.

அரசியலும் இத்தெருக்களை விட்டுவைக்கவில்லை. விடுதலைப் புலிகளுக்கு நிதி திரட்டிய குற்றச்சாட்டில் 2007இல் பாரிஸ் பகுதியில் பலர் கைது செய்யப்பட்டு, 2009இல் தண்டனை பெற்றனர். இலங்கைப் போரின் இறுதி வாரங்களில், 2009 ஏப்ரலில் இங்கு நடந்த ஆர்ப்பாட்டம் காவல்துறையினருடனான மோதலில் முடிந்தது.

முருங்கைக்காயும் சட்டமும்

மளிகை, காய்கறி, மீன், புடவை, தங்க நகை, முடிதிருத்தகம், பயண முகவரகம், பணம் அனுப்பும் நிலையம் என ஒரு குடும்பத்தின் தேவைகள் அனைத்தும் ஒரு சில நூறு மீட்டருக்குள் கிடைப்பதே லா சப்பலின் வணிக பலமாகும். ஒரு கடைக்கு வருபவர் மற்றக் கடைகளுக்கும் வாடிக்கையாளராகிறார்.

விமானத்தில் வரும் முருங்கைக்காயும் மாம்பழமும் தொலைவில் எடுக்கப்படும் முடிவுகளுக்கும் உட்பட்டவை. இந்திய மாம்பழம், கத்தரிக்காய், பாகற்காய், புடலங்காய் ஆகியவற்றின் இறக்குமதிக்கு, பூச்சித் தாக்கத்தைக் காரணம் காட்டி ஐரோப்பிய ஒன்றியம் 2014 மே மாதம் தடை விதித்தது. சட்டவிரோத மீன்பிடியைத் தடுக்கத் தவறியதாகக் கூறி, இலங்கை மீனுக்கு 2015இல் தடை நடைமுறைக்கு வந்தது. அது 2016இல் நீக்கப்பட்டது. இத்தகைய தடைகள் புலம்பெயர்ந்தோரின் சமையலறை வரை எட்டுபவை.

தேரும் திரைப்படமும்

தமிழர் அல்லாதோரை இப்பகுதிக்கு அழைத்து வந்ததில் விநாயகர் தேர்த்திருவிழாவுக்குப் பெரும் பங்குண்டு. 1985இல் நிறுவப்பட்ட ஸ்ரீ மாணிக்க விநாயகர் ஆலயம் 1996 முதல் ஆண்டுதோறும், வழக்கமாகக் கோடை முடியும் வேளையில், தேர்பவனியை நடத்தி வந்துள்ளது. 2010இல் ஆலயம் பாஜோல் வீதிக்கு இடம்பெயர்ந்தது. காவடிகளும் வீதியில் உடைக்கப்படும் தேங்காய்க் குவியல்களும் காண ஆயிரக்கணக்கில் மக்கள் கூடுகின்றனர்.

மெட்ரோ நிலையத்தின் அருகிலுள்ள பூஃப் து நோர் நாடக அரங்கை 1974இல் மீளத் திறந்த இயக்குநர் பீட்டர் புரூக், 1985இல் ஆவின்யோன் விழாவில் அரங்கேற்றிய "மகாபாரதம்" நாடகத்தைப் பின்னர் இங்கும் நிகழ்த்தினார். பல ஆண்டுகள் கழித்து, லாரன்ஸ் வலின் இயக்கிய "லிட்டில் ஜாஃப்னா" திரைப்படம் 2024இல் வெனிஸ் விழாவில் திரையிடப்பட்டபோது, லா சப்பலே கதைக்களமாகியிருந்தது.

நிலைக்குமா?

வருவோரை நம்பி வாழ்வதன் பலவீனத்தை இரு நிகழ்வுகள் உணர்த்தின. 2019 டிசம்பரில் தொடங்கிய போக்குவரத்து வேலைநிறுத்தம் பல வாரங்கள் ரயில்களை முடக்கியது. அதன் பின்னர் 2020 மார்ச்சில் வந்த பொதுமுடக்கத்தில், மளிகைக் கடைகள் திறந்திருக்க அனுமதிக்கப்பட்டாலும், வீட்டைவிட்டு வெளியேறவே எழுத்து மூலம் காரணம் காட்ட வேண்டியிருந்தது. உணவகங்களும் புடவைக் கடைகளும் நகைக் கடைகளும் மூடப்பட்டன.

இவை தற்காலிகமானவை. நீண்டகால மாற்றம் வேறு. தமிழ்க் கடைகள் இப்போது புறநகர்களிலும் உள்ளன. அரிசியும் மிளகாய்த்தூளும் வாங்க பாரிஸுக்குள் வர வேண்டிய கட்டாயம் குறைந்துள்ளது. பிரான்ஸில் பிறந்த தலைமுறையினருக்குக் கடை வணிகம் ஒன்றே வழியல்ல. பெற்றோரின் கடைகளை அவர்கள் அனைவரும் ஏற்று நடத்துவார்கள் என எதிர்பார்க்கவும் முடியாது.

இதனிடையே, புதிய அகதிகளும் இதே இடத்துக்கு வந்தனர். மெட்ரோ பாலத்தின் கீழ் கூடாரமிட்டிருந்த சூடான், எரித்திரியா உள்ளிட்ட நாடுகளைச் சேர்ந்தோரை 2015 ஜூன் 2ஆம் தேதி அதிகாரிகள் வெளியேற்றினர். ஒரு தலைமுறைக்கு முன்னர் தமிழர்கள் கடை திறக்க வழிவிட்ட மலிவான வாடகை அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

தேர் பார்க்கவும் தோசை உண்ணவும் வருவோரின் எண்ணிக்கை கூடினாலும், அவர்களை மட்டும் கொண்டு ஒரு மீன்கடையோ காய்கறிக் கடையோ நடத்த முடியாது. லா சப்பலை உருவாக்கியவர்கள் பயணச்சீட்டு வாங்கி, பையுடன் வந்து, வீட்டுக்குப் பொருள் கொண்டு சென்ற குடும்பங்கள். அவர்களின் பிள்ளைகளும் அவ்வாறே வருவார்களானால் இது தமிழர்களின் சந்தையாக நீடிக்கும். இல்லையெனில், தமிழ்ப் பெயர்ப்பலகைகள் கொண்ட மற்றுமொரு உணவக வீதியாக மட்டுமே எஞ்சக்கூடும்.