வங்காலைச் சரணாலயமும் நமது பிள்ளைகளும்



போன ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு முசலிப் பகுதிப் பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வங்காலைப் பறவைகள் சரணாலயத்துக்குப் போனோம். முதல் நாள் இரவு ஒரு வாப்பா எங்களிடம் கேட்டார்: "சேர், இண்டைக்குக் குருவி பாக்கக் கூட்டிட்டுப் போறீங்க. நாளைக்கு எங்கட காணியையும் குருவிக்கெண்டு எடுத்திட மாட்டாங்களா?"

பிள்ளையை அனுப்பித்தான் வைத்தார். ஆனால் அன்றிரவு நாங்கள் அவசரத்தில் சொன்ன பதில் அவருக்கும் போதவில்லை, எங்களுக்கும் போதவில்லை. அவருடைய பயத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதை முழுதாகச் சொல்லாமல் பதில் சொல்ல முடியாது. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் இடத்தைப் பார்ப்போம். சிலாவத்துறை, அரிப்பு வழியாக மன்னாருக்குப் போகும்போது வங்காலையைத் தாண்டினால் ஒரு பக்கம் உவர் நிலமும் ஆழமில்லாத கடலும் விரிந்து கிடக்குமே, அந்தப் பக்கம்தான் இந்தச் சரணாலயம். பரப்பு 4,839 ஹெக்டயர். முட்பற்றை, புல்வெளி, மணல்மேடு, கண்டல், களப்பு, கடற்புல் படுக்கை எல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்திருக்கின்றன. அதனால் கோடிக்கரைப் பக்கமாகவும் இந்தியக் கரையோரமாகவும் தெற்கே இறங்கி வரும் பறவைகளுக்கு இங்கே இரை கிடைக்கிறது, இளைப்பாற இடமும் கிடைக்கிறது. பூநாரை, ஊசிவால் வாத்து, மூக்கன், உள்ளான், ஆலா என்று மாரி காலத்தில் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கும். நம் மூத்தவர்கள் இவற்றைப் பார்த்தே வளர்ந்தார்கள். மீன்பிடிக்கும் வயலுக்கும் போகும் வழியில் கண்ணில் படுபவை என்பதால், இதற்கென்று ஒருவரும் தனியாகப் பாடம் நடத்தவில்லை.

1990 ஒக்டோபரில் அந்தத் தொடர்ச்சி அறுந்தது. வடக்கிலிருந்து சுமார் 75,000 முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். மன்னார்த் தீவில் இருந்தவர்கள் படகுகளில் கற்பிட்டிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அதன் பிறகு புத்தளத்து முகாம்களில் ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்து கலியாணமும் முடித்துவிட்டது. ஊரின் கதையை உம்மாவும் வாப்பாவும் சொல்லிக் கொடுத்தார்கள். ஆனால் எந்தப் பறவை எந்த மாதம் வரும், எந்த வாய்க்காலில் எப்போது தண்ணீர் ஏறும் என்பதெல்லாம் வாயால் சொல்லி வராது. போய் நின்று பார்த்தால்தான் வரும்.

நாம் அங்கே இல்லாத காலத்தில்தான் இந்த இடத்துக்குச் சட்டப் பாதுகாப்பு வந்தது. 2008 இல் வங்காலை சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அப்போது போர் முடிந்திருக்கவில்லை. 2010 ஜூலையில், 1971 இல் ஈரானின் ராம்சர் நகரில் கையெழுத்தான ஈரநில உடன்படிக்கையின் பட்டியலில் அது சேர்ந்தது. பூந்தல, ஆனைவிழுந்தான், மாதுகங்கை ஆகியவற்றுக்கு அடுத்ததாக இலங்கையின் நான்காவது ராம்சர் ஈரநிலம் அது. அந்த நேரம் நம்மில் பலர் ஊர் திரும்புவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தோம்.

பிறகு 2012 இல் மறிச்சுக்கட்டி, கரடிக்குளிப் பகுதிகள் ஒதுக்குக்காடாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டன. இருபது வருடங்களுக்கு மேல் ஆளில்லாமல் கிடந்த காணிகளில் காடு வளர்ந்திருந்தது. திரும்பி வந்து பற்றையை வெட்டியவர்களை, வில்பத்துவை அழிக்கிறார்கள் என்று 2015 இல் ஊடகங்கள் பேசின. அந்த வாப்பா கேட்ட கேள்வியின் வேர் இங்கேதான் இருக்கிறது. அவர் பயப்பட்டதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் நாம் ஒன்றைப் பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும். ஒதுக்குக்காடு என்பது 1907 ஆம் ஆண்டின் வனக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருவது, வனவளத் திணைக்களத்துக்கு உரியது. சரணாலயமும் தேசிய பூங்காவும் 1937 ஆம் ஆண்டின் வனவிலங்குகள் தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருபவை, வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு உரியவை. இவை இரண்டிலும்கூட வித்தியாசம் உண்டு. தேசிய பூங்காவுக்குள் அரச காணி மட்டும்தான் இருக்க முடியும். சரணாலயத்துக்குள் தனியார் காணியும் இருக்கலாம், ஆட்களும் வாழலாம். வங்காலையில் இன்றைக்கும் மீனவர்கள் தொழில் செய்கிறார்கள். இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டால், கோபப்பட வேண்டிய இடத்தில் பேசாமல் இருந்துவிடுவோம், பேசாமல் இருக்கவேண்டிய இடத்தில் கோபப்படுவோம்.

அடுத்தது, ஓர் இடத்தைப் பற்றிப் பேசும் உரிமை யாருக்குக் கிடைக்கிறது என்பது. கொழும்பில் இலங்கைப் பறவைக் கழகம் 1943 இல் தொடங்கியது. தெஹிவளை மிருகக்காட்சிச்சாலையில் இளம் விலங்கியலாளர் சங்கம் 1972 இல் தொடங்கியது. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் களப் பறவையியல் குழு 1976 இல் வந்தது. அங்கெல்லாம் பாடசாலைப் பிள்ளைகள் கொப்பியும் பென்சிலுமாக வெளியே போய் எண்ணிப் பழகினார்கள். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் நடக்கிறது. அப்படி வருடக்கணக்கில் எழுதி வைத்த கணக்கு, தேவை வரும்போது சாட்சியாகிறது. 2024 இல் மன்னாரில் வரவிருந்த புதிய காற்றாலைத் திட்டத்துக்கு எதிராக உயர் நீதிமன்றத்துக்கு மனுக்கள் போனபோது, பறவைகளின் வலசைப் பாதை ஒரு முக்கிய வாதமாக இருந்தது. காற்றாலை வேண்டுமா வேண்டாமா என்பது வேறு விவாதம். நம்முடைய கிராமங்களிடம் இப்படி ஒரு கொப்பி உண்டா என்பதுதான் எங்கள் கேள்வி.

இனி அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறோம். தொலைநோக்கி மூன்றுதான் இருந்தது, முறை வைத்துப் பார்த்தார்கள். முதல் அரை மணித்தியாலம் ஒரே சத்தம். பிறகு பூநாரைக் கூட்டம் ஒன்று எழும்பித் திரும்பியபோது எல்லோரும் அடங்கிவிட்டார்கள். கடற்காகங்களைக் காட்டி ஓர் உண்மைக் கதை சொன்னோம். 2021 இல் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மன்னாரில் ஒரு கடற்காகத்தின் முதுகில் சிறிய கருவி பொருத்தி விட்டார்கள். மேகா என்று அதற்குப் பெயர். அது இந்தியா தாண்டி, மத்திய ஆசியா தாண்டி, ரஷ்யாவின் வடதுருவக் கரை வரை போய்க் குஞ்சு பொரிக்கும் காலத்தைக் கழித்துவிட்டு, மறுபடி மன்னாருக்கே வந்தது.

கேட்டுக்கொண்டிருந்த ஒரு பிள்ளை, "அப்ப அதுக்கு எது சேர் ஊர்?" என்று கேட்டது. புத்தளத்தில் பிறந்து, ஆறாம் வகுப்பில் இங்கே வந்து சேர்ந்த பிள்ளை அது. எங்களில் ஒருவருக்கும் உடனே வாய் வரவில்லை. கடைசியில், "ரெண்டும்தான் மகள்" என்றோம். அவள் கொப்பியில் என்னவோ எழுதிக்கொண்டாள்.

அந்த வாப்பாவுக்கு இப்போது எங்கள் பதில் இது. குருவி பார்க்கப் போவதால் காணி போகாது. எல்லை போடும்போது, இது எங்கள் இடம், இங்கே இன்ன மாதம் இன்னது வரும், இன்ன வாய்க்காலில் நாங்கள் மீன் பிடிப்போம் என்று கணக்கோடு சொல்ல ஆளில்லாவிட்டால்தான் சிக்கல். 1990 க்குப் பிறகு அப்படிச் சொல்ல நாம் அங்கே இருக்கவில்லை. இனிமேல் நம் பிள்ளைகள் இருக்க வேண்டும்.

பெப்ரவரி 2 உலக ஈரநில தினம். ஒக்டோபர் மாத இரண்டாவது சனிக்கிழமை உலக வலசைப் பறவைகள் தினம், வெளியே போயிருக்கும் பறவைகள் திரும்பத் தொடங்கும் நேரமும் அதுதான். இந்த இரண்டு நாளும் ஜனவரியில் ஒரு நாளும், ஆக வருடத்தில் மூன்று நாள் போக நினைத்திருக்கிறோம், இன்ஷா அல்லாஹ். பெற்றோரும் வாருங்கள். மூத்தவர்கள் கட்டாயம் வாருங்கள், பறவைகளுக்கு நம்மூரில் வழங்கிய பெயர்கள் உங்களிடம்தான் இருக்கின்றன. வீட்டில் பழைய தொலைநோக்கி கிடந்தால் கொண்டுவாருங்கள். சாப்பாட்டுப் பொலித்தீனை மட்டும் அங்கே போட்டுவிட்டு வராதீர்கள்.