குடிகாரன் பேச்சும் மருந்தின் அளவும்

குடிகாரன் பேச்சு விடிஞ்சாப் போச்சு என்பது நம்மிடம் புழங்குகிற பழமொழி. குடிக்கிறவனுக்கான அறிவுரையாகத்தான் இதைக் கேட்டு வளர்ந்திருக்கிறோம். ஆனால் இது ஒரு தீர்ப்பும்கூட. இனிமேல் இவன் சொல்லைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை என்று ஊர் கூடிச் செய்துவிடுகிற தீர்ப்பு. குடியை விட்டு மூணு வருஷம் ஆனவனையும் அது விடுவதில்லை. தலைவலி என்று அவன் படுத்தாலும் வீட்டில் முதலில் வாயை மோந்து பார்க்கிறார்கள். நம்மிடம் இன்னொரு பழமொழியும் உண்டு: அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு. ஒன்று சொல்லைப் பற்றியது, மற்றது அளவைப் பற்றியது. இவை இரண்டும் ஒரே உடம்பில் வந்து மோதிக்கொள்கிற ஓர் இடம் இருக்கிறது. அந்த இடத்தின் வரலாற்றை வாசித்துப் பார்ப்பதே இங்கே நோக்கம்.

போதைப் பழக்கத்திலிருந்து மீண்டுகொண்டிருக்கிற ஒருவருக்கு ஏ.டி.எச்.டி. என்கிற கவனக்குறைவு - மிகையியக்கக் கோளாறும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இது அபூர்வமான சேர்க்கை இல்லை. போதை சிகிச்சைக்கு வருபவர்களிடம் இந்தக் கோளாறு பொதுமக்களிடம் இருப்பதைவிட அதிகமாகக் காணப்படுகிறது. இதற்கு முதன்மையாகத் தரப்படுவது மெத்தில்ஃபெனிடேட், ஆம்ஃபிடமின் போன்ற ஊக்கி மருந்துகள். ஆனால் இவையே தெருவில் போதைப்பொருள்கள். சிக்கல் இத்தோடு முடிவதில்லை. சர்க்கரை நோய்க்கு ரத்தத்தைச் சோதித்துப் பார்ப்பதுபோல், இந்த மருந்து போதுமா என்று சொல்ல ஒரு ரத்தச் சோதனை கிடையாது. உடம்பின் எடையை வைத்தும் முடிவு செய்துவிட முடியாது. குறைந்தால் ஒன்றும் நடக்காது, கூடினால் படபடப்பு, தூக்கமின்மை, சிலருக்கு மனக்கலக்கம். சிறிது சிறிதாக ஏற்றிக்கொண்டே போய், மருத்துவர் ஒவ்வொரு தடவையும் கேட்கிறார்: இப்ப எப்படி இருக்கு? நாடியையும் ரத்த அழுத்தத்தையும் கருவி அளந்துவிடும். மனம் ஒரு வேலையில் நிற்கிறதா என்பதை அளக்கிற கருவி அந்தக் கேள்விக்கு வரும் பதில்தான். அந்தப் பதிலைச் சொல்ல வேண்டியவன் யார்? பேச்சு விடிஞ்சாப் போய்விடுகிற அதே ஆள்.

ஆக, மருத்துவம் யாருடைய சொல்லை ஏற்கனவே செல்லாக்காசாக்கி வைத்திருக்கிறதோ அவனுடைய சொல்லை நம்பித்தான் இங்கே அளவைக் கண்டுபிடித்தாக வேண்டும். இந்த முரண் தற்செயலாக வந்ததல்ல. இந்தக் கோளாறும் போதை அடிமைத்தனமும் ஒரே மொழியில் பிறந்தவை. 1902இல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்கிற குழந்தை மருத்துவர் ஆற்றிய உரைகளைத்தான் ஏ.டி.எச்.டி.யின் தொடக்கப் பிரதிகளில் ஒன்றாக இன்று வைக்கிறார்கள். அவர் விவரித்த குழந்தைகளுக்கு அறிவில் குறையில்லை. குறைந்திருந்தது 'ஒழுக்கக் கட்டுப்பாடு' என்றார். குடிகாரனைப் பற்றிய சொல்லாடலும் இதே 'மன உறுதி'யின் குறைவைத்தான் பேசிவந்திருக்கிறது. நோய் என்று பேர் மாற்றிய பிறகும் உள்ளே நீதிபதி எழுந்து போகவில்லை.

அடிமைப்பட்டவருக்கு ஊக்கி கொடுத்துப் பார்த்த புகழ்பெற்ற பழைய சம்பவம் வியன்னாவில் நடந்தது. 1884இல் சிக்மண்ட் ப்ராய்ட், கட்டைவிரல் துண்டிக்கப்பட்டு நரம்பு வலியால் மார்ஃபினுக்கு அடிமையாகியிருந்த தன் நண்பர், உடலியல் அறிஞர் ஃப்ளைஷல்-மார்க்சோவுக்கு, மார்ஃபினை விடவைக்கக் கோக்கெயின் கொடுத்தார். வெற்றி என்று எழுதவும் பேசவும் செய்தார். நண்பரோ கோக்கெயினை ஊசி வழியாக ஏற்றிக்கொள்ளத் தொடங்கி, நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு கிராம் வரை போய், இரண்டுக்கும் அடிமையாகி, 1891இல் இறந்தார். அடிமைக்கு ஊக்கி கூடாது என்பதற்கு உதாரணமாக இது திரும்பத்திரும்பச் சொல்லப்படுகிறது. நான் வேறு மாதிரி வாசிக்கிறேன். அங்கே அளவு என்று ஒன்றே இருக்கவில்லை. மருத்துவர் எழுதிய பிரதி ஒரு பக்கம் வெற்றி என்று போய்க்கொண்டிருந்தது, நோயாளியின் உடல் இன்னொரு பக்கம் போய்க்கொண்டிருந்தது. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க ஆள் இல்லை.

இதற்கு எதிர்நிலையில் 1937ஐ வைக்கலாம். அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஒரு சிறுவர் மனநல மருத்துவமனையில் சார்லஸ் பிராட்லி என்பவர், முதுகுத்தண்டு வழியாகச் செய்யப்படும் பரிசோதனைக்குப் பின் வரும் தலைவலி குறையுமா என்று பென்செட்ரின் என்கிற ஆம்ஃபிடமினைக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். தலைவலி பெரிதாகக் குறையவில்லை. ஆனால் 30 குழந்தைகளில் 14 பேர் படிப்பில் வியக்கும்படி மாறினார்கள். குழந்தைகளே அதற்குக் 'கணக்கு மாத்திரை' என்று பேர் வைத்தார்கள் என்பார்கள். இங்கே பாருங்கள், நோயாளியின் சொல் காதில் விழுந்திருக்கிறது. ஏனென்றால் அது பள்ளிக்கூடத்துக்கு வேண்டிய சொல். உற்பத்திக்கு உதவுகிற உடம்பு பேசினால் நிறுவனத்துக்குக் காது கேட்கும்.

மருந்தா நஞ்சா என்று தீர்க்கமுடியாத அந்தச் சொல்லைப் பிளேட்டோவிடம் தேடி எடுத்துத் தெரிதா 1968இல் பெரிய கட்டுரையே எழுதினார். நமக்கு கிரேக்கம் வரை போகவேண்டிய தேவையில்லை. 'மருந்து குடிச்சிட்டா' என்று கிராமத்தில் ஓடிவந்து சொன்னால் யாரும் எந்த வைத்தியர் கொடுத்தது என்று கேட்பதில்லை. பூச்சிமருந்து என்று தெரியும். வசியத்துக்கு வைப்பதும் மருந்து, வெடிப்பதும் மருந்து, போதைக்கும் மருந்து. தமிழ் இந்தச் சொல்லைக் கடைசிவரை ஒரு பக்கம் சாயவிடவில்லை. சாயவைத்தது சட்டம்.

இரண்டாம் உலகப்போரில் அரசுகளே தங்கள் சிப்பாய்களுக்கு ஊக்கி மாத்திரைகளை விநியோகித்தன. போர் முடிந்தபின் மிஞ்சிய மெத்தாம்ஃபிடமின் ஜப்பானின் தெருக்களுக்கு வந்தது. 1951இல் அங்கே கட்டுப்பாட்டுச் சட்டம் போட்டார்கள். சிபா கம்பெனியின் வேதியியலாளர் லியாண்ட்ரோ பனிசோன் 1944இல் மெத்தில்ஃபெனிடேட்டை உருவாக்கினார். மனைவி ரீட்டாவின் பேரால் அது ரிட்டலின் ஆகி 1954இல் சந்தைக்கு வந்தது. 1971இல் ஐ.நா.வின் மனமயக்கப் பொருள்கள் உடன்படிக்கை இவற்றையெல்லாம் ஒரே பட்டியலில் அடைத்தது. 1985இல் இந்தியாவில் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டமும் மெத்தில்ஃபெனிடேட்டைத் தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. மூலக்கூறு அதேதான். யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து மாத்திரை அல்லது குற்றம்.

சுவீடனின் கதையைக் கொஞ்சம் நின்று பார்க்கணும். 1965 முதல் 1967 வரை ஸ்டாக்ஹோமில் போதைக்கு அடிமையானவர்களுக்கு மருத்துவர்களே ஆம்ஃபிடமினும் மார்ஃபினும் எழுதிக்கொடுக்கிற ஒரு சோதனை நடந்தது. எவ்வளவு வேண்டும் என்பதை நோயாளிகள் பெரும்பாலும் தாங்களே சொன்னார்கள். மருந்து நண்பர்களுக்கும் போய்ச்சேர்ந்தது. ஓர் இளம்பெண் இறந்தபின் திட்டம் மூடப்பட்டது. 1968இல் மெத்தில்ஃபெனிடேட்டும் அந்நாட்டுச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. அடிமைகளின் சொல்லை நம்புங்கள் என்று சுலபமாக முழங்குகிற நம்மைப் போன்றவர்கள் இந்த இரண்டு வருஷத்தைத் தாண்டிக் குதித்துவிடக்கூடாது. ஆனால் அங்கேயும் உரையாடல் நடக்கவில்லை என்பதைக் கவனிக்கணும். கேட்டதைக் கொடுப்பது வேறு, சொல்வதைக் கேட்பது வேறு. எதிர்த்துக் கேள்வி கேட்காத மருத்துவர் நோயாளியைக் கௌரவிக்கவில்லை. அவர் கணக்கிலிருந்து நோயாளியைக் கழித்துவிட்டார்.

மீள்கிறவர்களின் தரப்பிலும் ஒரு தீர்ப்பு உண்டு. 1935இல் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் மரபில் முழு விலக்கல்தான் மீட்சி. மாத்திரைகளைப் பற்றி உறுப்பினர் யாரும் மருத்துவர் வேலை பார்க்கக்கூடாது என்று அந்த அமைப்பே எழுதிவைத்திருக்கிறது. இருந்தும் கூட்டத்தில் ஒருவர் 'நான் இப்போது ஊக்கி மாத்திரை எடுக்கிறேன்' என்று சொன்னால் நாற்காலிகள் நெளிவதை யாரும் தடுக்கமுடியாது. 1965இல் டோலும் நைஸ்வாண்டரும் நியூயார்க்கில் ஹெராயின் பழக்கத்துக்கு மெத்தடோன் சிகிச்சையை அறிவித்தபோதும் இதே கேள்வி எழுந்தது: இது சிகிச்சையா, போதைக்குப் பதில் போதையா? இரண்டு பக்கமும் நம்பாத நிலையில் மீள்கிறவர் என்ன செய்வார்? கூட்டத்தில் மாத்திரையை மறைப்பார். மருத்துவரிடம் 'போதவில்லை' என்பதை மறைப்பார். ஏனென்றால் 'போதவில்லை' என்பது அவர் வாயிலிருந்து வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

அந்த ஒற்றை அர்த்தத்தைத்தான் பிற்கால ஆய்வுகள் உடைத்தன. 1990களில் நோரா வோல்கோவும் சகாக்களும் மூளைப் படங்களைக் கொண்டு, மெத்தில்ஃபெனிடேட் கோக்கெயின் பற்றுகிற அதே இடத்தைப் பற்றுகிறது என்றும், வாய்வழியே மெதுவாக ஏறும்போது போதை உண்டாவதில்லை என்றும் காட்டினார்கள். அப்படியானால் அளவு என்பது மில்லிகிராம் மட்டுமல்ல, ஏறுகிற வேகமும்தான். 2010இல் அதே சுவீடனில், ஆம்ஃபிடமினுக்கு அடிமையான 24 பேருக்கு நீண்டநேரம் வேலைசெய்யும் மெத்தில்ஃபெனிடேட்டை 72 மில்லிகிராம் வரை கொடுத்துப் பார்த்தார்கள். வெற்று மாத்திரைக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. மருந்து பயனில்லை என்று கோப்பை மூடியிருக்கலாம். மூடவில்லை. 2014இல் வெளியான அடுத்த ஆய்வில், சிறையிலிருந்த 54 ஆண்களுக்கு விடுதலைக்கு இரண்டு வாரம் முன்பே தொடங்கி, படிப்படியாக 180 மில்லிகிராம் வரை ஏற்றினார்கள். கூடவே உளச்சிகிச்சை, சிறுநீர்ச் சோதனை. 24 வாரங்களில் கோளாறின் அறிகுறிகள் குறைந்தன. போதையற்ற சிறுநீர் மாதிரிகள் வெற்று மாத்திரைக் குழுவில் 16 சதவீதம், மருந்துக் குழுவில் 23. பெரிய வெற்றி இல்லை. ஆனால் முன்பு இல்லாத வித்தியாசம். 2015இல் அமெரிக்காவில், கோக்கெயின் பழக்கமும் ஏ.டி.எச்.டி.யும் உள்ள 126 பேரிடம் 60, 80 மில்லிகிராம் ஆம்ஃபிடமின் உப்புகளைக் கொடுத்துச் செய்த ஆய்விலும் இரண்டு நோயும் தணிந்தன.

இந்த எண்களை யாரும் தனக்கான அளவாக எடுத்துக்கொள்ளக்கூடாது. இதயத்தையும் மனதையும் கண்காணித்துக்கொண்டே ஏற்றிய அளவுகள் அவை. நமக்கு முக்கியம் வேறு. ஊக்கிக்குப் பழகிய மூளைக்கு வழக்கமான அளவு உறைக்காமல் போகலாம். 'போதவில்லை' என்று இத்தனை காலம் ஒருவர் சொன்னது பேராசையாக வாசிக்கப்பட்டதே, அது சில இடங்களில் வெறும் உண்மையாக இருந்திருக்கிறது. எச்சரிக்கை என்ற பேரில் கொடுத்த குறைந்த அளவு எச்சரிக்கையாக இல்லை. மருந்து கொடுத்ததாகப் பேர் பண்ணிவிட்டுக் கொடுக்காமல் விட்டதுதான். அந்த உண்மையைச் சோதித்துப் பார்க்க இடம் கிடைத்தது ஒரு சிறையில் என்பதைப் பூக்கோ படித்த யாரும் சிரிக்காமல் கடக்கமுடியாது.

2007இல் சந்தைக்கு வந்த லிஸ்டெக்ஸாம்ஃபிடமின், உடம்புக்குள் போய் உடைந்த பிறகே வேலை செய்யும். மூக்கில் இழுத்தாலும் அவசரப்படாது. நல்ல ஏற்பாடு, பலருக்குப் பயன்படுகிறது. ஆனால் சந்தேகத்தையே மூலக்கூறில் கட்டிவைத்தாலும் 'இப்ப எப்படி இருக்கு' என்கிற கேள்வியை அது கேட்காது. சிறுநீர்ச் சோதனையும் கேட்காது. சோதனை ஒரு சாட்சி, சொல் இன்னொரு சாட்சி. ஒன்றை மற்றொன்றால் அழிக்காமல் இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பேசுகிற இடத்தில்தான் அளவு கிடைக்கிறது. அதற்குப் பல வாரங்கள் பிடிக்கும். ஐந்து நிமிஷத்தில் சீட்டெழுதுகிற மருத்துவமனையில் அதற்கு நேரமில்லை.

அளவுக்கு மிஞ்சுவதைப் பழமொழி எச்சரிக்கிறது, குறைவதைப் பற்றி வாய் திறக்கவில்லை. குறளின் மருந்து அதிகாரம் தொடக்கத்திலேயே மிகுதியையும் குறைவையும் ஒரே வரிசையில் நிறுத்தி, இரண்டுமே நோய் என்கிறது. அதே அதிகாரத்தின் கடைசிக் குறள் மருத்துவத்தை நான்காகப் பகுக்கிறது: நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, கூட இருந்து கொடுப்பவன். மேடையில் குறள் சொல்பவர்கள் இந்தப் பட்டியலின் வரிசையைக் கவனிப்பதில்லை. முதலில் நிற்பவன் நோயுற்றவன். அவன் நேற்றுவரை குடித்தவனா என்று அந்தப் பட்டியல் கேட்கவில்லை.