தபாலில் வந்த நண்பர்களின் முகங்கள்



நட்பைப் போற்றும் பாடல்களுக்கு நம் தமிழிலே பஞ்சமில்லை. அவற்றை வகுப்பிற் கற்பிக்கும்போதெல்லாம், ஓவியர் வின்சென்ற் வான்கோவின் வாழ்க்கையிலிருந்து ஒரு நிகழ்ச்சியையும் மாணவருக்குச் சொல்வது எனது வழக்கம். வறிய கலைஞர் சிலர் தம் கையால் தீட்டிய முகங்களை ஒருவருக்கொருவர் அனுப்பிவைத்த கதை அது.

1888 பெப்ரவரியில் வான்கோ பரிஸ் நகரை விட்டுத் தென் பிரான்சிலுள்ள ஆர்ள் என்னும் ஊருக்குச் சென்றார். பரிசிலிருந்த தம்பி தியோ பணமும் வர்ணங்களும் ஓவியத் துணியும் அனுப்பி அண்ணனைத் தாங்கினார். வின்சென்ற் தாம் தீட்டியவற்றைப் பொதியாக்கித் தம்பிக்கு அனுப்பினார். ஆர்ளில் அவருக்கு வாய்த்த உற்ற நண்பர் யோசப் றூலின், புகையிரத நிலையத்திலே தபாற் பொதிகளை ஏற்றி இறக்கும் வேலையைக் கவனித்தவர். றூலினையும் அவர் மனைவி, பிள்ளைகளையும் வான்கோ வரைந்த படங்கள் இன்று உலகப் புகழ் பெற்றவை.

யப்பானியக் கலைஞர்கள் தம் படைப்புகளைத் தமக்குள் மாற்றிக்கொண்டு சகோதரராய் வாழ்ந்தார்கள் என்று வான்கோ நம்பினார். நாமும் அப்படி வாழலாமே என்ற ஆசை அவருக்கு. அவ்வேளை அவருடைய நண்பர்களான போல் கோகானும் எமில் பேர்னாட்டும் வடமேற்கே பிரித்தானிப் பகுதியில் தங்கியிருந்தனர். ஒருவரை ஒருவர் வரைந்து தமக்கு அனுப்பும்படி வான்கோ கேட்டார். பேர்னாட்டுக்கு வயது இருபது, கோகானுக்கு நாற்பது. மூத்தவரை வரையத் துணிவு வரவில்லை என்று இளையவர் எழுதினார். முடிவில் இருவரும் தத்தம் முகத்தையே வரைந்தனர். ஆனால் ஒவ்வொரு படத்திலும் பின்சுவரிலே மற்றவரின் முகம் சிறிதாகத் தொங்கியது. கேட்டதும் கிடைத்தது, கேளாததும் கிடைத்தது!

ஒக்ரோபர் தொடக்கத்தில் அப்படங்கள் ஆர்ளுக்கு வந்து சேர்ந்தன. விக்டர் ஹியூகோவின் நாவலில் வரும் ஜீன் வல்ஜீனாகத் தம்மைப் பாவித்து வரைந்திருந்தார் கோகான். பேர்னாட்டின் படத்திலிருந்த எளிமையை வான்கோ மனமார மெச்சினார். கோகானின் படமோ அவரைக் கலங்க வைத்தது. ஒரு சிறைக்கைதியின் முகமாக அது அவருக்குத் தெரிந்தது. நண்பர் நோயுற்று வாடுகிறார், அவர் நன்றாக உண்டு தேற வேண்டும் என்றே அவர் மனம் எண்ணியது. படத்தின் நயத்தை எடைபோட்ட கண், நண்பனின் நலத்தையும் அதிலே படித்தது. இதைத்தான் நான் இந்நிகழ்ச்சியின் உயிர்நிலை என்று கருதுகிறேன்.

வான்கோவும் கைமாறு செய்தார். ஒட்ட நறுக்கிய தலையோடு, வெளிர்பச்சைப் பின்னணியில், புத்தரை வழிபடும் ஒரு யப்பானியத் துறவியைப்போலத் தம்மை வரைந்து கோகானுக்கு அர்ப்பணித்தார்.

பின்னர் நடந்தவை துயரமானவை. ஒக்ரோபர் 23ஆம் திகதி கோகான் ஆர்ளுக்கு வந்தார். இரண்டே மாதத்தில், டிசம்பர் 23ஆம் திகதி, பிணக்கு முற்றிய நிலையில் வான்கோ தமது காதை அறுத்துக்கொண்டார். அதன்பின் இருவரும் நேரில் சந்திக்கவேயில்லை. கடிதத் தொடர்பு மாத்திரம் அறவில்லை. 1890இல் வான்கோ மறைந்தார்.

வான்கோ அன்போடு கொடுத்த படத்தைக் கோகான் பிற்காலத்தில் விற்றுவிட்டார். அது ஜேர்மனியின் மியூனிக் நகரக் கலைக்கூடத்தை அடைந்தது. நாசிகள் அதனை "சீரழிந்த கலை" என்று பறித்து, 1939இல் சுவிற்சர்லாந்திலே ஏலத்தில் விற்றார்கள். 1951 முதல் அது அமெரிக்காவின் ஹாவார்ட் பல்கலைக்கழகத்துக்கு உரியது. வான்கோ பெற்றுக்கொண்ட படங்களோ, தியோவும் மறைந்தபின் அவர் மனைவி யோகன்னாவின் காவலில் இருந்தன. அவை இன்று அம்ஸ்ரர்டாமிலுள்ள வான்கோ அரும்பொருளகத்தில் இருக்கின்றன.

கோகானை நான் குறைகூற மாட்டேன். வறுமை எதையும் விற்கச் செய்யும். ஆயினும் ஏலத்தில் அப்படத்துக்குக் கூறப்பட்ட எந்த விலையும் அது புறப்பட்டபோது சுமந்து சென்ற அன்பின் விலையல்ல. நண்பர் ஒருவர் கைப்பட வரைந்தோ பின்னியோ செதுக்கியோ அனுப்பிய பொருள் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். அதை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அழகாயிருக்கிறதா என்று மட்டும் பாராமல், அனுப்பியவர் நலமாயிருக்கிறாரா என்றும் பாருங்கள். பிறகு அவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.