மயாமியில் ஒரு நாளிதழ் ஸ்பானிஷ் பேசிய கதை



ஆங்கிலச் செய்தித் தளங்கள் சில இப்போது ஸ்பானிஷ் மொழியிலும் கட்டுரைகள் தருகின்றன. இது புதிய முயற்சி அல்ல. அமெரிக்காவின் மயாமி நகரில் அரை நூற்றாண்டுக்கு முன்பே நடந்ததுதான்.

1959-இல் கியூபாவில் ஃபிடல் காஸ்ட்ரோ ஆட்சிக்கு வந்தபின், லட்சக்கணக்கானோர் அமெரிக்காவுக்குப் புலம்பெயர்ந்தார்கள். பெரும்பாலோர் தங்கியது மயாமியில். அங்கு வெளிவந்த 'மயாமி ஹெரால்டு' என்ற ஆங்கில நாளிதழ், 1976-இல் ஒரு ஸ்பானிஷ் இணைப்பைத் தொடங்கியது. அதில் வந்தவை பெரும்பாலும் ஆங்கிலச் செய்திகளின் மொழிபெயர்ப்புகளே.

1980-இல் கியூபாவின் மரியெல் துறைமுகத்திலிருந்து சுமார் 1,25,000 பேர் படகுகளில் வந்து இறங்கினார்கள். உள்ளூரில் எரிச்சல் மூண்டது. அதே நவம்பரில், ஆங்கிலம் தவிர வேறு மொழிக்கு உள்ளாட்சிப் பணத்தைச் செலவிடக் கூடாது என்று மக்கள் வாக்களித்துச் சட்டமே கொண்டுவந்தார்கள். 1993-இல்தான் அது நீங்கியது.

அந்தச் சட்டம் இருந்தபோதே, 1987-இல் அதே நிறுவனம் 'எல் நுவேவோ ஹெரால்டு' என்ற புதிய ஸ்பானிஷ் இதழைக் கொண்டுவந்தது. கியூபா, லத்தீன் அமெரிக்கச் செய்திகளுக்கு அதில் தனி இடம் இருந்தது. 1998-இல் அது தனி நாளிதழாகவே விற்பனைக்கு வந்தது.

அரசு கைவிட்ட மொழியை ஒரு நாளிதழ் கையில் எடுத்தது. வியாபாரக் கணக்கும் அதில் உண்டு, மறுக்கவில்லை. ஆனாலும் ஒன்று புரிகிறது. பிள்ளையின் மொழியில் பாடம் சொன்னால் மட்டும் போதாது. அவன் கேட்கும் கேள்விக்கும் அதில் பதில் இருக்க வேண்டும்.

உங்கள் கருத்தை எழுதுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.