பெரம்பலூர் – அரியலூர் வட்டார வழிபாட்டு மரபு

பெரம்பலூர் – அரியலூர் வட்டார வழிபாட்டு மரபு: தெற்கே கொள்ளிடம், வடக்கே வெள்ளாறு, மேற்கே பச்சைமலை ஆகியவற்றுக்கு இடைப்பட்ட நிலத்தில் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக வளர்ந்துவந்துள்ள சைவ, வைணவ, அம்மன், குலதெய்வ வழிபாடுகளின் தொகுதி. பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து 1995-இல் பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது. அதிலிருந்து அரியலூர் 2001-இல் தனி மாவட்டமாகி, 2002-இல் மீண்டும் இணைக்கப்பட்டு, 2007-இல் மறுபடியும் தனியானது. தெய்வங்களுக்குள் உள்ள கொள்வினை கொடுப்பினைக்கும் இந்த எல்லைகளுக்கும் தொடர்பில்லை. அரியலூர் மாவட்டத்தில் நடக்கும் புகழ்பெற்ற தெய்வத் திருமணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் தஞ்சை மாவட்டத்துத் திருவையாற்றிலிருந்து ஆறு கடந்து வருகிறார்கள்.

இவ்வட்டார மரபைப் புரிந்துகொள்ள நிலத்தைப் பார்க்க வேண்டும். கொள்ளிடக் கரையோரம் வாய்க்கால் பாசனமும் நெல்வயலும் கொண்டது. அங்கே கற்றளிகளும் கல்வெட்டுகளும் தேவாரப் பதிகங்களும் நெருக்கமாக உள்ளன. வடக்கே ஏற ஏற நிலம் மானாவாரியாகிறது: முந்திரி, கம்பு, சோளம், பருத்தி, சின்ன வெங்காயம். அங்கே வழிபாட்டின் மையம் வேண்டுதலும் குலதெய்வமும். ஆகமக் கோயிலை உயர்ந்த சமயமாகவும் குலதெய்வக் கோயிலை அதன் எளிய வடிவமாகவும் வரிசைப்படுத்துவது நூல்களில் வழக்கம். இவ்வட்டாரத்து வரலாறு அந்த வரிசையை ஏற்கவில்லை. ஒரே குடும்பம் பிரதோஷத்துக்குச் சிவன் கோயிலுக்கும், முடி இறக்கக் குலதெய்வத்திடமும் போகிறது. இரண்டில் எதையும் குறைத்து நினைப்பதில்லை.

பதிகமும் கற்றளியும்

கீழப்பழுவூர் ஆலந்துறையார், திருமழபாடி வைத்தியநாதர், கோவிந்தபுத்தூரில் உள்ள திருவிசயமங்கை ஆகிய மூன்றும் தேவாரப் பாடல் பெற்ற தலங்கள். பழுவூரைச் சம்பந்தர் பாடினார். அவ்வூரில் மலையாள அந்தணர் வழிபட்டதை அப்பதிகமே குறிப்பிடுகிறது. விசயமங்கையை அப்பரும் சம்பந்தரும், மழபாடியை அவர்களோடு சுந்தரரும் பாடியுள்ளனர். சுந்தரர் மழபாடியைப் பாடாமல் கடந்து செல்லவிருந்தபோது, இறைவன் கனவில் தோன்றி மறந்தாயோ என்று கேட்டதாகப் பெரியபுராண மரபு கூறுகிறது. அடியவர் மறந்தாலும் இறைவன் உரிமையோடு நினைவூட்டுவான் என்னும் நம்பிக்கை பக்தி இயக்கத்தின் உயிர்நாடி.

பதிகங்கள் பாடப்பட்ட காலத்தில் பெரும்பாலான கோயில்கள் செங்கல்லும் மரமும் மண்ணுமாக இருந்தன. அவற்றைக் கல்லாக மாற்றிய வேலை 9, 10-ஆம் நூற்றாண்டுகளில் சூடுபிடித்தது. இதில் சோழருக்கு அடங்கிய பழுவேட்டரையர்களின் பங்கு பெரிது. சேரநாட்டுத் தொடர்புடைய இக்குலத்து இளவரசி ஒருத்தி முதலாம் பராந்தகனை மணந்தாள். கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ வழியாக இப்பெயரை அறிந்தவர்கள், மேலப்பழுவூரை ஒட்டிய கீழையூரில் உள்ள அவனிகந்தர்ப்ப ஈசுவரகிருகத்தை ஒருமுறை நேரில் காண வேண்டும். ஒரே வளாகத்தில் இரண்டு சிவாலயங்கள்; உருவில் சிறியவை, வேலைப்பாட்டில் நுட்பமானவை. விசயமங்கைக்குக் கல் விமானம் எடுப்பித்தவர் உத்தம சோழனின் அதிகாரி அம்பலவன் பழுவூர் நக்கன்.

இக்கட்டடப் பணியின் ஒழுங்கைத் திருமழபாடி தெளிவாகக் காட்டுகிறது. முதலாம் இராசராசன் தன் 28-ஆம் ஆட்சியாண்டில் அங்கிருந்த பழைய விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்ட ஆணையிட்டான். பிரிப்பதற்கு முன், சுவரில் இருந்த கல்வெட்டுகள் அனைத்தையும் புத்தகத்தில் படி எடுக்கச் செய்தான். புதுச் சுவர் எழுந்தபின் அவை மீண்டும் பொறிக்கப்பட்டன. அப்போது அவன் மகன் இராசேந்திரனின் 14-ஆம் ஆட்சியாண்டு நடந்துகொண்டிருந்தது. முன்னோர் கொடுத்த விளக்கும் நிலமும் புது விமானத்திலும் செல்ல வேண்டும், ஒருவர் செய்த தருமம் கல் மாறினாலும் அழியக்கூடாது என்ற பொறுப்புணர்வு இதில் உள்ளது. திருப்பணி என்ற பெயரில் எழுத்துள்ள சுவர்களை மணல் வீச்சால் தேய்த்துவிட்ட நம் காலத்துக் கோயில்களைப் பார்த்தவர்களுக்கு இந்த ஆணையின் அருமை விளங்கும்.

கங்கைகொண்ட சோழபுரம்

கங்கைவரை சென்று வந்த படையெடுப்பின் நினைவாக முதலாம் இராசேந்திரன் இத்தலைநகரை அமைத்தான். பிரகதீசுவரர் கோயில் 11-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் எழுந்தது. ஆற்றங்கரை அல்லாத இடத்தில் மாநகர் அமைக்க நீர் வேண்டும். அதற்காக வெட்டப்பட்ட சோழகங்கம் இன்று பொன்னேரி எனப்படுகிறது. அதை நீரால் ஆன வெற்றித்தூண் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு வருணிக்கிறது. 16 மைல் நீளமான அதன் கரையை 19-ஆம் நூற்றாண்டு விவரச்சுவடி ஒன்று வியந்து பதிவுசெய்துள்ளது.

தஞ்சைப் பெரிய கோயில் விமானம் 13 நிலை. இக்கோயில் விமானம் 9 நிலை, ஏறக்குறைய 55 மீட்டர் உயரம். தஞ்சை விமானம் நேர்கோட்டில் ஏறுகிறது. இதன் விளிம்பு உள்வாங்கி வளைந்து ஏறுகிறது. கருவறை இலிங்கம் சுமார் 13 அடி உயரம். முன்னுள்ள பெரிய நந்தி ஒற்றைக் கல் அல்ல. செங்கல்லும் சுதையுமாகக் கட்டப்பட்டது.

சைவக் கோட்பாட்டை இக்கோயிலின் சுவரிலேயே கற்கலாம். மாதொருபாகன், பிச்சாடனர், இலிங்கோத்பவர், காரைக்கால் அம்மையார் உடனிருக்க ஆடும் கூத்தன் எனக் கோட்டந்தோறும் ஒரு தத்துவம் நிற்கிறது. அரியும் அரனும் ஓருடலான வடிவமும், தேவியரோடு நிற்கும் திருமாலும் சிவாலயச் சுவரில் உரிய இடம் பெற்றுள்ளனர். வடக்கு வாயிலருகே உள்ள சண்டேசுவர அனுக்கிரக மூர்த்தி இவற்றுள் தலையாயது. தந்தையின் காலை வெட்டிய சிறுவனின் தலையில் சிவன் தன் கையாலேயே கொன்றைமாலையைச் சுற்றுகிறார். சிறுவன் கூப்பிய கையோடு தலை தாழ்த்தியிருக்கிறான். அருகில் உமை. உயிரைக் கட்டியிருக்கும் பாசம் எவ்வளவு நெருக்கமான உறவாக இருந்தாலும் அதை அறுத்தவனை இறைவன் மகனாக ஏற்கிறான் என்னும் சித்தாந்தத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. இராசேந்திரன் தனக்கே முடிசூட்டப்படுவதாக எண்ணி இதைச் செதுக்கச் செய்தான் என்று கருதும் அறிஞர்கள் உண்டு.

கங்கைக் கரையிலிருந்து சைவ ஆசாரியர்களை அழைத்துவந்து இராசேந்திரன் சோழநாட்டில் குடியேற்றியதாகத் திரிலோசன சிவாசாரியாரின் ‘சித்தாந்த சாராவளி’ உரை கூறுகிறது. அதே காலத்தில் தமிழும் இக்கோயிலை ஏற்றுக்கொண்டது. கருவூர்த் தேவர் பாடிய திருவிசைப்பா ஒன்பதாம் திருமுறையில் உள்ளது.

வெற்றி கொண்ட நாடுகளின் தெய்வங்களும் இங்கே வந்தன. தாமரை வடிவப் பீடத்தில் கதிரவனை நடுவாக வைத்த நவக்கிரகச் சிற்பம் சாளுக்கியப் பாணியில் அமைந்தது. அருகில் உள்ள செங்கமேட்டில் கலிங்கப் பாணிக் காளியும் பைரவரும் உள்ளனர். போரில் கொண்டுவரப்பட்ட தெய்வங்கள் காலப்போக்கில் ஊர்த்தெய்வங்களாயின. கொண்டுவந்த அரசகுலம் 1279-க்குப் பின் இல்லை. காளிக்குப் பொங்கல் வைப்பவர்கள் இருக்கிறார்கள்.

சோழர் வீழ்ச்சிக்குப்பின் தலைநகர் சிற்றூராகச் சுருங்கியது. 1836-இல் கொள்ளிடத்தில் கீழணை கட்டப்பட்டபோது கோயிலின் மதிற்கற்கள் பெயர்த்து எடுத்துச் செல்லப்பட்டன. எஞ்சிய கோயில், 2004-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் தஞ்சையோடும் தாராசுரத்தோடும் இணைந்தது. ஐப்பசிப் பௌர்ணமியில் நடக்கும் அன்னாபிடேகத்தில் இலிங்கம் முழுவதும் சோற்றால் மூடப்படுகிறது. நூறு மூட்டை அரிசி என்று ஊரார் சொல்வர். உண்ணும் சோற்றையே இறைவனாகக் கண்டு, பிறகு அதையே பிரசாதமாகப் பகிர்கிறார்கள். இராசேந்திரன் பிறந்த ஆடித் திருவாதிரை இப்போது பெருவிழாவாகக் கொண்டாடப்படுகிறது.

நந்தி கல்யாணம்

பங்குனிப் புனர்பூசத்தில் திருமழபாடியில் நந்திக்கும் சுயசாம்பிகைக்கும் திருமணம். சிலாத முனிவர் வேள்விக்காக நிலத்தை உழுதபோது பெட்டியில் கிடைத்த குழந்தை நந்தி என்பது புராணம். திருவையாற்று ஐயாறப்பரும் அறம்வளர்த்த நாயகியும் பெற்றோர் நிலையில் வருகின்றனர். பட்டு உடுத்தி, தலைப்பாகை கட்டி, மாப்பிள்ளைக் கோலத்தில் நந்தி கொள்ளிடம் கடந்து வருகிறார். நந்தி கல்யாணம் பார்த்தால் முந்திக் கல்யாணம் என்பது சொலவடை. வரன் அமையாத பெண்களும் ஆண்களும் பெற்றோருடன் திரளாக வருவது அதனால்தான்.

சைவ சித்தாந்தத்தில் நந்தி சிவனிடம் நேரே உபதேசம் பெற்ற முதல் ஆசான். மெய்கண்டார் வரையிலான குருமரபு அவரிடமிருந்தே தொடங்குகிறது. அவருக்கே பெண் பார்த்து, சீர் செய்து, தாலி கட்டிவைத்து, அடுத்த மாதம் சித்திரையில் நடக்கும் ஏழூர் விழாவில் ஊர் ஊராக அழைத்துச் செல்கிறார்கள். ஞானகுருவைக் குடும்பத்துப் பிள்ளையாக்கிக்கொள்ளும் இந்த உரிமை தமிழ்ச் சைவத்தின் தனிச்சிறப்பு.

கோயிலும் கூத்தும்

கொள்ளிடக் கரையின் காமரசவல்லி சோழர் காலத்தில் காமரவல்லிச் சதுர்வேதிமங்கலம். எரிந்த மன்மதனை மீட்க இரதி வழிபட்ட தலம் என்பது ஐதிகம். மார்கழித் திருவாதிரையிலும் வைகாசித் திருவாதிரையிலும் மும்மூன்று முறை சாக்கைக் கூத்து ஆடுவதற்காகச் சாக்கை மாராயன் விக்கிரமசோழன் என்பவனுக்கு ஊர்ச்சபை நிலம் விட்டதை அங்குள்ள இராசேந்திரன் காலக் கல்வெட்டு சொல்கிறது. வேதம் ஓதும் சபையே கூத்தனுக்கு நிலம் கொடுத்திருக்கிறது. கூத்தும் வழிபாட்டின் அங்கம் என்னும் எண்ணம் திரௌபதி அம்மன் கோயில்களில் இன்றும் தொடர்கிறது. அங்கே பல நாள் பாரதம் படித்து, தெருக்கூத்து ஆடி, முடிவில் தீமிதிக்கிறார்கள். படிக்கத் தெரியாத தலைமுறைகளுக்கும் மகாபாரதம் கேள்வியறிவாகச் சேர்ந்தது இந்தக் களங்களில்தான்.

மேட்டு நிலத்துத் தெய்வங்கள்

பெரம்பலூருக்குத் தெற்கே உள்ள சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் இவ்வட்டாரத்தின் பெருந்தெய்வம். மதுரையை எரித்த கண்ணகி சினம் தணிந்து தங்கிய இடம் என்று ஒரு கதை. மந்திரவாதி ஒருவனால் அல்லலுற்ற செல்லியம்மனைக் காக்க, காளி அவனை அழித்தாள் என்று இன்னொரு கதை. இரண்டாம் கதையின்படி செல்லியம்மன் ஊரைக் காளியிடம் விட்டுவிட்டுப் பெரியசாமி மலைக்குப் போய்விட்டாள். அதனால் இன்றும் தீபாராதனையில் முதல் மரியாதை மலையை நோக்கிச் செல்லிக்குத்தான். புதிதாக வந்த தெய்வம் பழைய தெய்வத்தை விரட்டாமல் முதலிடத்தைக் கொடுத்து அமர்ந்திருப்பதை இச்சடங்கு ஒவ்வொரு முறையும் சொல்கிறது.

கோயில் வழக்கமாகத் திங்களும் வெள்ளியும் மட்டுமே திறக்கும்; மற்ற நாளில் அம்மன் மலையில் இருக்கிறாள் என்பது நம்பிக்கை. முக்கிய நேர்த்திக்கடன் மாவிளக்கு. வீட்டிலிருந்து மாவு கொண்டுவராமல், ஊறவைத்த பச்சரிசியைக் கோயிலிலேயே உரலில் இடித்து, வெல்லம் சேர்த்துப் பிசைந்து, நடுவில் குழித்து நெய்த்திரி ஏற்றுகிறார்கள். உலக்கை பிடிப்பது குடும்பத்துப் பெண்கள். ஊரைவிட்டு வெளியேறித் தலைமுறைகள் கடந்த குடும்பங்களும் குலதெய்வம் என்று தேடி வருகின்றன. சதாசிவ பிரம்மேந்திரர் இங்கே ஸ்ரீசக்கரம் நிறுவினார் என்று கோயில் மரபு கூறும். துறவியின் யந்திரமும் பெண்களின் உலக்கையும் ஒரே வளாகத்தில் இடம்பெற்றுள்ளன.

செட்டிக்குளத்தில் அடிவாரத்தில் ஏகாம்பரேசுவரர், குன்றின்மேல் தண்டாயுதபாணி. முருகன் இங்கே கையில் கரும்போடு நிற்கிறார். வாலிகண்டபுரம் வாலீசுவரர் கோயில், வாலி வழிபட்ட தலம் என்பதால் இராமாயணத்தோடு பிணைந்தது.

வைணவத்தின் தனி அடையாளம் அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சி. கலியுக வரதராசப் பெருமாளுக்கு இங்கே சிலை வடிவ மூலவர் இல்லை. சுமார் 12 அடி உயரக் கல்தூணே பெருமாள். அதன் அடியில் ஆஞ்சநேயர் உருவம் உண்டு. காணாமற்போன சினைப்பசு இக்கம்பத்தின்மேல் பால் சொரிந்து நின்றதைக் கண்டு வழிபாடு தொடங்கியதாகத் தலவரலாறு கூறும். தூணில் தோன்றிய நரசிம்மனை ஏற்ற மரபுக்குத் தூணே பெருமாளாவது அந்நியமல்ல. இராமநவமியை ஒட்டிய பத்து நாள் விழாவுக்கு உழவர்கள் விளைச்சலில் ஒரு பங்கைக் காணிக்கையாகக் கொண்டுவருகிறார்கள். இப்பகுதியில் கலியபெருமாள் என்ற பெயர் தெருவுக்குத் தெரு இருப்பதற்கு இக்கம்பமே காரணம்.

காப்பும் சிதைவும்

கல்லில் அமைந்த கோயில்களுக்குத் தொல்லியல் துறையும் அறநிலையத் துறையும் பொறுப்பு. கங்கைகொண்ட சோழபுரத்தை ஒட்டிய மாளிகைமேட்டில் அகழாய்வுகள் நடந்து சோழர் அரண்மனையின் செங்கல் அடித்தளங்கள் வெளிப்பட்டுள்ளன. குலதெய்வக் களங்களின் நிலை வேறு. சுடுமண், சுதை உருவங்கள் மழையில் கரையக்கூடியவை. குயவரின் கையும் காப்புக்கட்டும் குடிகளின் வரியும்தான் அவற்றைக் காப்பவை. சிறுவாச்சூர் பெரியசாமி மலையில் இருந்த பழைய சுடுமண், சுதைச் சிற்பங்கள் 2021 அக்டோபரில் உடைத்துச் சேதப்படுத்தப்பட்டன. தீபாராதனையின் முதல் மரியாதையைப் பெறும் செல்லியம்மன் குடியிருப்பதும் அந்த மலையில்தான்.