காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்க எதிர்ப்பு

திருவள்ளூர் மாவட்டத்தின் காட்டுப்பள்ளித் துறைமுகத்தை விரிவாக்கும் திட்டத்துக்கு எதிராக மீனவர்களும் சூழலியலாளர்களும் நடத்திவரும் மக்கள் இயக்கம். 2018இல் இத்துறைமுகம் எல் அண்ட் டி நிறுவனத்திடமிருந்து அதானி குழுமத்தின் கைக்கு வந்தது. சுமார் 330 ஏக்கர் துறைமுகத்தைக் கடல்பரப்பையும் சேர்த்து 6,100 ஏக்கருக்கு மேல் விரிப்பதே திட்டம்.

காரணங்கள்: கடலரிப்பு, மீன்பிடி இழப்பு, பழவேற்காடு ஏரிக்கு நேரும் ஆபத்து ஆகியவை. கொசஸ்தலையாற்று வெள்ளத்தை உள்வாங்கும் சதுப்பு நிலங்களும் புயலலையைத் தணிக்கும் அலையாத்திக் காடுகளும் இப்பகுதியின் காலநிலைக் காப்பரண்கள்.

போக்கு: 2021 ஜனவரி 22, 2023 செப்டம்பர் 5 ஆகிய நாள்களுக்கு அறிவிக்கப்பட்ட பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டங்கள் இரண்டும் தள்ளிவைக்கப்பட்டன.

பங்கேற்கும் வழிகள்: 2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, கருத்துக் கேட்புக்கு 30 நாள் முன்னறிவிப்பு தேவை. மக்கள் நேரில் பேசலாம்; மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுத்திலும் ஆட்சேபம் அனுப்பலாம். கிராம சபைத் தீர்மானம், தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு ஆகியவையும் பயன்படும். அனுமதி வழங்கப்பட்டால், சென்னையிலுள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வில் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.