வாயிலில் நின்ற தந்தை: கர்ப்பகாலப் பரிசோதனை வரலாறு பற்றிய ஒரு நோக்கு

"தாயிடமிருந்து சேய்க்குத் தொற்றுதல்" என்பது எச்.ஐ.வி. பற்றிய மருத்துவ எழுத்துக்களிற் பல்லாண்டுகளாக வழங்கிவந்த தொடராகும். இத்தொடரில் இருவர் உளர்; மூன்றாமவராகிய தந்தைக்கு இடமில்லை. சொல்லில் நேர்ந்த இவ்விடுபாடு செயலிலும் எவ்வாறு நேர்ந்தது என்பதையும், அதனைத் திருத்துதற்கு மேற்கொள்ளப்பட்ட முயற்சிகள் எவை என்பதையும் வரலாற்று அடிப்படையில் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எயிட்ஸ் நோய் 1981இல் அமெரிக்காவில் முதன்முதலாக அறிவிக்கப்பட்டது. 1983இல் பாரிஸ் நகரப் பாஸ்ரர் நிறுவனத்தினர் அதற்குக் காரணமான வைரசைப் பிரித்தெடுத்தனர். 1985இல் இரத்தப் பரிசோதனை முறை நடைமுறைக்கு வந்தது. எனினும், கர்ப்பிணிகளைப் பரிசோதிப்பதால் சேயைக் காக்கலாம் என்ற உறுதி 1994இலேயே பிறந்தது. அமெரிக்காவிலும் பிரான்சிலும் நடைபெற்று அவ்வாண்டில் வெளிவந்த ஆய்வொன்று, சிடோவுடின் என்னும் மருந்து சேய்க்குத் தொற்றும் வீதத்தை நூற்றுக்கு 25.5இலிருந்து 8.3 ஆகக் குறைத்தமையைக் காட்டிற்று. 1999இல் உகண்டாவிலிருந்து வெளிவந்த ஆய்வு, தாய்க்கும் சேய்க்கும் ஒவ்வொரு முறை மட்டும் கொடுக்கப்படும் நெவிராபின் என்னும் மலிவான மருந்தும் பெரும்பயன் தரும் என நிறுவியது. வறிய நாடுகளும் இவ்வழியிற் செல்லலாயின.

இதன் விளைவாகக் கர்ப்பிணிகளின் சிகிச்சை நிலையமே பரிசோதனையின் தலைவாயிலாயிற்று. குடும்பத்தில் நோயை முதலில் அறிபவள் மனைவி. அச்செய்தியை வீட்டுக்குச் சுமந்து செல்பவளும் அவளே. முதலில் அறிந்தவளே நோயைக் கொண்டுவந்தவள் எனப் பழிக்கப்பட்டாள். அடிக்கும் துரத்தலுக்கும் அஞ்சி முடிவை மறைத்தவர்கள், கணவன் காண மருந்தை உட்கொள்ளவும் தயங்கினர்.

மனைவிக்குத் தொற்றில்லை எனக் கண்டபோதும் சிக்கல் தீர்ந்துவிடவில்லை. "அவளுக்கு இல்லையெனில் எனக்கும் இல்லை" என்று கணவர் பலர் கருதினர். இது பெரும் பிழையாகும். தம்பதியருள் ஒருவருக்குத் தொற்றிருக்க மற்றவருக்கு இல்லாதிருத்தல் சாதாரணமாகக் காணப்படுவது. அத்தகைய கணவனிடமிருந்து கர்ப்பகாலத்திலோ பாலூட்டுங் காலத்திலோ மனைவிக்குப் புதிதாகத் தொற்று ஏற்படின், அவளது குருதியில் வைரசின் அளவு மிக உயர்ந்திருக்கும். சேய்க்குத் தொற்றும் வாய்ப்பும் அப்போது மிக அதிகம். முன்னர் செய்த பரிசோதனை இதனைக் காட்டாது. ஆகவே, தந்தையைப் பரிசோதியாது விடுதல் சேயின் பாதுகாப்பைப் பாதியில் விடுதலாகும்.

இவ்வுண்மையை முன்னதாகவே உணர்ந்தவர் றுவாண்டாவின் தலைநகராகிய கிகாலியிற் பணியாற்றிய ஆய்வாளர். 1980களின் பிற்பகுதியில் அவர்கள் தம்பதியரை ஒருங்கே அழைத்துப் பரிசோதித்து ஆலோசனை வழங்கினர். முடிவுகள் வேறுபட்ட தம்பதியரிடையே நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவாயிருந்த ஆணுறைப் பயன்பாடு, ஓராண்டிற் பாதிக்கு மேலாக உயர்ந்தமையை 1992இல் வெளியான அவர்களது கட்டுரை எடுத்துரைத்தது. ஆயினும் பிற இடங்களில் ஆடவரை அழைப்பது எளிதாயிருக்கவில்லை. 2004இல் வெளியான நைரோபி ஆய்வொன்றில், மனைவியர் அழைத்தும் நூற்றுக்கு 15 கணவரே வந்தனர். வந்தவர்தம் மனைவியரோ நெவிராபின் மருந்தை ஏனையோரினும் அதிகமாகப் பயன்படுத்தினர்.

வராதவர் அனைவரும் அன்பற்றவர் எனக் கொள்ளல் பொருந்தாது. சிகிச்சை நிலையம் பெண்களுக்குரிய இடமாகவே அமைந்திருந்தது; அது திறந்திருக்கும் வேளையோ ஆடவர் கூலிவேலைக்குச் செல்லும் வேளை. அழைப்புக் கடிதங்கள் அனுப்புதல், விடுமுறை நாளிற் பரிசோதித்தல் முதலிய வழிகள் இதனாலேயே தோன்றின. கென்யாவின் கிசுமு நகரில், வீட்டிலேயே செய்யத்தக்க பரிசோதனைப் பொதிகளை மனைவியரிடம் கொடுத்தனுப்பினர். அவ்வாறு பெற்றோரின் துணைவருள் நூற்றுக்கு 90.8 பேரும், அழைப்பு மட்டும் பெற்றோரின் துணைவருள் 51.7 பேரும் பரிசோதிக்கப்பட்டதாக 2016இல் அறிவிக்கப்பட்டது. உலக சுகாதார தாபனமும் 2012இல் தம்பதியர் பரிசோதனையையும், 2016இற் சுயபரிசோதனையையும் பரிந்துரைத்தது. தொற்றுள்ளவர் முன்னதாகவே சிகிச்சை பெற்றால் துணைவருக்குப் பரவுதல் நூற்றுக்கு 96 குறையும் என 2011இல் நிறுவப்பட்டமை, கணவன் பரிசோதிக்கப்படுவதற்குப் புதிய பொருளை அளித்தது.

ஆயின் ஊக்குவித்தல் வேறு, வற்புறுத்தல் வேறு. தான்சானியா போன்ற நாடுகளிற் கணவனுடன் வருபவருக்கு முன்னுரிமை வழங்கப்பட்டபோது, கணவனற்றோரும் கைவிடப்பட்டோரும் காத்துக் கிடந்தனர்; சிலர் திருப்பி அனுப்பப்பட்டனர். தந்தையை உள்ளே அழைக்கும் முயற்சி தாயை வெளியே தள்ளுமாயின், அது தன் நோக்கத்தையே அழிப்பதாகும். அவளது விருப்பமும் பாதுகாப்புமே முதலிற் கருதப்படல் வேண்டும்.

தாய்வழித் தொற்றை ஒழித்த முதல் நாடாகக் கியூபா 2015இல் அங்கீகரிக்கப்பட்டது. 2019இல் நமது இலங்கையும் அவ்வரிசையிற் சேர்ந்தது. இது பெருமைக்குரியதே. எனினும் அப்பெருமைக்காகக் கையை நீட்டிக் குருதி கொடுத்தவர் தாய்மாரே என்பதை நாம் மறத்தலாகாது. நாளை தந்தையராகவிருக்கும் இப்பல்கலைக்கழக மாணவர், வாயிலில் நிற்பதா, உடன் செல்வதா என்பதை இன்றே சிந்தித்தல் நன்று.